தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

போன வாரம் திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என்னைப் பார்க்க வந்திருந்தாள். அங்கே ஒரு மடத்துக் கோயிலில் அவள் இப்போது பார்க்கிற வேலையைத்தான் அரியலூர்ப் பக்கம் எங்கள் மடத்துக் கோயிலில் வருடக்கணக்காக நான் பார்த்தேன். கோயிலைக் கூட்டுவது, பீடத்துக்குத் துணி விரிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, உள்ளே இருக்கிற சிஸ்டர்களுக்கும் வெளியே இருக்கிற உலகத்துக்கும் நடுவே ஓடுவது. அவர்கள் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். செல்போனில் பிளானைக் காட்டினாள். பீடத்தை ஒட்டி, சிஸ்டர்கள் உட்கார்ந்து செபிக்க வேண்டிய இடத்தில், 'ஏ.சி. கண்ணாடி அறை, விருந்தினர் மற்றும் கன்னியர்' என்று எழுதியிருந்தது.

"விருந்தினர் மொதல்ல, சிஸ்டர் அப்புறமா?" என்றேன்.

"அதுக்குத்தான்க்கா வந்தேன். 'சிஸ்டர்ங்க பக்கம் எப்புடி இருக்கணும்னு அரியலூர்ல ஆரோக்கியமேரியம்மாவக் கேட்டுட்டு வா'ன்னு எங்க சாமி அனுப்புனாரு."

கேட்டு அனுப்பியதற்கு அந்தச் சாமியாருக்கு ஸ்தோத்திரம். எங்கள் கோயிலில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவள் பஸ் ஏறிய பிறகும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. கண்ணாடி அறை என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் கோயிலை ஊரில் 'கிராதி மடம்' என்பார்கள். அங்கே இருக்கிற சிஸ்டர்கள் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இல்லை, ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர்களும் இல்லை. உள்ளே போனால் செபம், வேலை, மௌனம். செத்தாலும் மதிலுக்குள்ளேயே கல்லறை. கோயில் மட்டும் அவர்களுக்கும் ஊருக்கும் பொது. பீடத்துக்கு வடக்கே ஒரு சிறகு மாதிரி நீண்டிருக்கும் இடம் சிஸ்டர்களுடையது. அதற்கும் பீடத்துக்கும் நடுவே மரச்சட்டத்தில் இரும்புக் கம்பி பின்னிய பெரிய தடுப்பு, அதுதான் கிராதி. அங்கிருந்து அவர்களுக்குப் பீடம் தெரியும், சனங்கள் தெரியமாட்டார்கள். எங்களுக்கு அவர்கள் பாடுவது கேட்கும், ஆள் தெரியாது.

பீடத்துக்குத் தெற்கே ஒரு தாழ்வாரம். அதில் பெஞ்சு கிடையாது. கரும்பு வெட்டிலிருந்தும் நடவிலிருந்தும் நேராக வருகிற எங்கள் தெருப் பெண்கள் பாயை விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிற இடம். எங்களை அங்கே உட்காரச் சொல்லி யாரும் ஒதுக்கவில்லை. பீடம் நன்றாகத் தெரிகிறது, காற்று வருகிறது, பிள்ளை அழுதால் எழுந்து போக வாசல் இருக்கிறது என்று நாங்களாகப் பிடித்த இடம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பிறந்த ஊர் கொள்ளிடக் கரையில். என் அப்பா ஊரார் வயலில் கூலி வேலை செய்தவர். அந்த ஊர்க் கோயிலிலும் ஒரு தெற்குச் சிறகு இருந்தது. அது எங்கள் தெருவுக்கென்று ஒதுக்கியது. நடுக்கோயில் ஊர்த்தெருக்காரர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே கம்பி அளி, அதில் ஒரு சின்னக் கதவு. அவர்கள் எல்லோரும் பூசையில் தருகிற அப்பமான நன்மையை வாங்கி முடித்த பிறகு ஒருவர் வந்து தாழ்ப்பாளை விலக்குவார், எங்கள் ஆட்கள் வரிசையாகப் போவார்கள். கிறிஸ்துவின் உடலை வாங்கவே இன்னொருத்தன் கதவு திறக்கக் காத்திருந்தவர் என் அப்பா. பெரிய சண்டை நடந்து, போலீஸ் வந்து, அந்த அளியைப் பிடுங்கி எறிந்தபோது நான் வயதுக்கு வந்த பெண்.

கல்யாணமாகி அரியலூர் வந்தேன். வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனர் வேலை. பங்குச் சாமியார் சொல்லி மடத்துக் கோயில் வேலை கிடைத்தது. முதல் நாள் உள்ளே போனதும் கண்ணில் பட்டது அந்தக் கிராதிதான். எனக்குக் குப்பென்று ஏறியது. ஒரு கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னொரு கம்பிக்குச் சேவகம் செய்யவா வந்தோம் என்று விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் போனேன்.

யாரிடம் சொல்வது? மடத்துத் தலைவி மதர் லூர்துவிடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பூசைச் சாமான்கள் இருக்கிற அறைக்கும் மடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சுழல் பெட்டி உண்டு. மரத்தில் செய்த பீப்பாய் போல இருக்கும். இந்தப் பக்கம் சாமானை வைத்துத் திருப்பினால் அந்தப் பக்கம் போகும். அதற்கு மேலே திரை போட்ட சின்ன ஜன்னல். மதர் பேசுவது அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து. வருடக்கணக்கில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. வந்திருக்கிறார் என்பது மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவதில் தெரியும். மற்ற சிஸ்டர்கள் ஒரு தட்டு, மதர் மட்டும் இரண்டு. வேலையில் தப்பு நடந்தால் திட்ட மாட்டார். நான் மடித்து அனுப்பிய துணியில் மடிப்பு கோணலாக இருந்தால், பெட்டி திரும்பி வரும், துணி விரித்தபடி இருக்கும். அவ்வளவுதான். மறுபடி மடித்து அனுப்புவேன். மறுபடி விரித்து வரும். ஒரு நாள் நான்கு தரம் வந்தது. ஐந்தாவது தரம் பெட்டியில் துணிக்குப் பதிலாக ஒரு டம்ளர் மோர் வந்தது. சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அர்த்தம்.

அந்த முதல் நாள் சாயங்காலம் நான் திரைக்கு முன்னால் நின்று கொட்டினேன். எங்கள் ஊர்க் கோயிலைச் சொன்னேன், அப்பா நின்றதைச் சொன்னேன். "எங்கள வெளிய நிறுத்துனாங்க மதர். ஒங்கள உள்ள அடச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு இந்தக் கம்பியத் தொடச்சி வெக்கிற வேல வேணாம்" என்றேன்.

பிறகு மதர் கேட்டார்: "கிராதியில நன்மை குடுக்கிற சின்னக் கதவு இருக்கே, ஒன் பக்கத்துல அதுக்குத் தாழ்ப்பா இருக்கா?"

போய்ப் பார்த்தேன். வழவழவென்று வெறும் மரம். "இல்லீங்க மதர்."

"ஒங்க ஊரு கோயில்ல தாழ்ப்பா எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அவுங்க பக்கம்."

"இங்க எங்க பக்கம் இருக்கு ஆரோக்கியம். நானா வந்தேன், நானா போட்டுக்கிட்டேன். வேணாம்னா தொறந்துகிட்டுப் போயிருவேன். நீ யோசிச்சுப் பாரு, புடிக்கலன்னா நாளைக்கி வராத."

மறுநாள் போனேன். அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

வேலை பழகிய கதையை நீட்ட வேண்டாம். ஒரு மழைக்காலத்துக்குள் பழகிவிட்டேன். பீடத்துணியைத் துவைக்கிற முறை மட்டும் பிடிபட நாளானது. பூசையில் அப்பமும் திராட்சை ரசமும் வைக்கிற சின்னத் துணியை முதல் அலசு அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். நான் அதை மல்லிகைச் செடிக்கு ஊற்றினேன். எங்கள் தெருப் பெண்கள், "ஆரோக்கியத்தோட மல்லிக்கே ஞானஸ்நானம் ஆயிருச்சு" என்று கேலி செய்வார்கள்.

ஆனால் என் வேலையிலேயே பெரிய வேலை நன்மை நேரத்தில்தான். சாமியார் கிராதிப் பக்கம் வருவதற்கு முன்னால் நான் போய்ச் சின்னக் கதவில் ஒரு தட்டுத் தட்டுவேன். உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கும். கதவு திறக்கும். முகம் முழுதும் தெரிகிற அளவு பெரிய கதவு இல்லை. ஒவ்வொரு சிஸ்டராக வந்து முழந்தாளிட, வாய்க்குக் கீழே நான் பித்தளைத் தட்டைப் பிடிப்பேன், ஒரு துகள்கூடக் கீழே விழக் கூடாது. அந்தப் பக்கம் பீடப் பையன்களை விடமாட்டார்கள், அதனால் அந்தத் தட்டு என் கையில். எனக்குத் தெரிந்த சிஸ்டர்கள் எல்லாம் தாடைகள்தான். யாருக்குக் காய்ச்சல், யார் இரவெல்லாம் அழுதார், யாருக்குப் பல் போயிற்று என்று தாடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அதில் ஒரு தாடையில் நீளமான தழும்பு. அது சிஸ்டர் செசிலி. பாடாலூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். சின்ன வயதில் வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறை மேலிருந்து விழுந்த தழும்பாம், மதர் ஒரு தடவை சொன்னார். நன்மை வாங்கியதும் சிஸ்டர் செசிலி ஒரு விரலால் தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போவார். அது முறையில் இல்லை. எனக்கான வணக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எத்தனை வருடம் போனது என்று நான் கணக்கு வைக்கவில்லை.

வயதானபோது அவருக்கு முதலில் காது போனது, பிறகு கால் போனது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். மடத்து நோயாளிகள் அறையிலிருந்து அந்த வடக்குச் சிறகுக்கு ஒரே தளம், ஒரு படி கிடையாது. பாட்டு கேட்காது, பிரசங்கம் கேட்காது. பீடத்தில் சாமியாரின் கைகளைப் பார்த்துத்தான் பூசையில் எந்த இடம் நடக்கிறது என்று தெரிந்துகொள்வார். அப்பத்தை உயர்த்துவதைப் பார்ப்பது, நன்மை வாங்குவது, என் தட்டைத் தொடுவது. அவருக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கோயிலுக்கு மவுசு வந்தது. மடத்தில் சிஸ்டர்கள் ஏழு பேராகக் குறைந்துபோன அதே காலத்தில், சனிக்கிழமை சாயங்கால நவநாள் பூசைக்குக் கார்கள் வர ஆரம்பித்தன. கேட்டது கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, பெரம்பலூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள். புதிதாக வந்த சாமியார் இளவயது, சுறுசுறுப்பு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு மேலே ஒரு கமிட்டி முளைத்தது. அதன் தலைவர் நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர். கோயிலுக்குள்ளும் ஓட்டலில் நிற்பது போலத்தான் நிற்பார், எந்த மேஜை காலி என்று பார்த்துக்கொண்டு.

அவர் கண்ணில் வடக்குச் சிறகு பட்டது.

கமிட்டிக் கூட்டம் கோயில் தாழ்வாரத்தில் நடந்தது. எனக்கு அங்கே வேலை டீ கொடுப்பது. தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பீடத்துக்கு இவ்வளவு பக்கத்துல இவ்வளவு பெரிய எடம். இருக்கறது ஏழு பேரு. அந்தக் கிராதியக் கழட்டிட்டு முழுசாக் கண்ணாடி போட்டு ஏ.சி. வெச்சா, தூரத்துலேருந்து வர்ற நன்கொடையாளருங்க நிம்மதியா ஒக்காந்து பூச பாக்கலாம். சிஸ்டர்ஸுக்கு மாடில பெரிய டிவி மாட்டிருவோம். நம்மதான் லைவ் போடுறோமே, க்ளோசப்ல பாக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சிஸ்டர் செசிலிக்கி மாடி ஏற முடியாது சார்" என்றேன்.

"ஆரோக்கியம், டீய வெச்சுட்டுப் போம்மா."

"நன்மை எப்படிங்க சார் வாங்குவாங்க? டிவியிலயா குடுப்பீங்க?"

சாமியார் குறுக்கிட்டார். "ஆரோக்கியம்மா, பூச முடிஞ்சதும் நானே மேல எடுத்துட்டுப் போயிக் குடுப்பேன். எல்லாம் யோசிச்சாச்சு. மதர்கிட்டயும் கேட்டாச்சு. அவங்க எதுவும் மறுப்புச் சொல்லல."

"எப்பக் கேட்டீங்க சாமி?"

"போன வாரம்."

போன வாரம் சிஸ்டர்கள் வருடாந்தரத் தியானத்தில் இருந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நெருப்புப் பிடித்தால்கூட மணிதான் அடிப்பார்கள். அது தெரியாத சாமியாரா? தெரியும். தெரிந்தும் மறந்துபோனார், மறப்பது வசதியாக இருந்தது. "பேசக் கூடாத நேரத்துல போயிக் கேட்டுட்டு, பேசலன்னு சொல்றீங்களே சாமி" என்றேன். அதற்குத் தலைவர், "உள்ள இருக்கறவங்களே சும்மா இருக்காங்க, தொடப்பக்கட்டைக்கு என்ன வந்துச்சு" என்றார். ஒருத்தர் சிரித்தார். சாமியார் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் பேச்சு அங்கே எடுபடவில்லை, தீர்மானம் நிறைவேறியது.

அந்த டிவியை முதலில் பூசைச் சாமான் அறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பூசை நடக்கும்போது நான் அதைப் பார்த்தேன். கேமரா பூ அலங்காரத்தைக் காட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைவரையும் அவர் வீட்டம்மாவையும் காட்டியது. சாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரம் பார்த்து, புதிதாகப் போட்ட சீரியல் விளக்கைக் காட்டியது. காது கேட்காத கிழவி கையைப் பார்த்துத்தானே பூசை காண்கிறாள். அவளுக்குக் காட்டப் போவது சீரியல் விளக்கு. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை அப்படியே திரைக்கு முன்னால் போய்ச் சொன்னேன். மதருக்கும் அப்போது வயது மிகவும் ஆகிவிட்டது. நடுவில் வேறு மதர்கள் வந்து போய், மறுபடி அவரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"சாமியார்கிட்டச் சொல்லுங்க மதர். ஆயர்கிட்டச் சொல்லுங்க. நீங்க வாயத் தொறக்கலன்னா இவனுங்க ஒங்கள மாடில ஏத்திருவானுங்க."

"சாமியாருக்குச் சொல்லிட்டேன் ஆரோக்கியம், வேணாம்னு. முடிவு பண்ணியாச்சுன்னுட்டாரு."

"அப்ப?"

இரண்டு தட்டுத் தட்டினார், போய்விட்டார். எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. இவ்வளவு நாள் தாழ்ப்பாள் கதை பேசினாயே மதர், இப்போது என்ன ஆயிற்று என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

வேலை ஆரம்பிக்கிற நாளும் வந்தது. காலைப் பூசை முடிந்ததும் கட்டர், ஏணி, சாரக்கம்புகளோடு ஆட்கள் இறங்கினார்கள். கல்லங்குறிச்சிப் பக்கத்து ஆட்கள், மேஸ்திரி பெயர் கோவிந்தன். கிராதியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சட்டத்தப் புடிச்சிருக்க போல்ட்டு பூரா உள்பக்கம் இருக்குங்க. வெளியேருந்து அறுத்தா அப்படியே உள்ள சாயும். உள்ள போவணும்."

தலைவர் என்னைப் பார்த்தார். "போயித் தொறக்கச் சொல்லு."

போனேன். சின்னக் கதவில் ஒரு தட்டுத் தட்டினேன். நான் அந்தக் கதவைத் தட்டி அது திறக்காத நாளே கிடையாது. அன்று திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னார் தலைவர். தட்டினேன். உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. அதற்குப் பின்னாலேயே ஏழு பேரும் செபம் பாட ஆரம்பித்தார்கள். கட்டளைச் செபம் என்று நேரத்துக்கு நேரம் பாடுகிற சங்கீதங்கள்தான். காது கேட்காத சிஸ்டர் செசிலியின் குரல் மட்டும் தாளம் தப்பி, எல்லோருக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது. பூசை முடிந்து அவர்கள் யாரும் எழுந்தே போகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

பாட்டு முடியும் என்று காத்திருந்தார்கள். ஒரு செபம் முடிந்தால் செபமாலை, செபமாலை முடிந்தால் அடுத்த நேரத்துச் செபம். தலைவர் சாமியாரைப் பார்த்து, "பின்வாசல் வழியாப் போயி ஆளுங்கள உள்ள எறக்குங்க சாமி" என்றார். சாமியார் கையை விரித்தார். அந்த மடத்து வாசலை ஆயர் அனுமதி இல்லாமல் அவரே தாண்டக் கூடாது, கொத்தனாரை எப்படித் தாண்ட வைப்பார்? திட்டம் போட்ட அத்தனை பேருக்கும் ஏ.சி. எத்தனை டன் என்பது தெரிந்திருந்தது. கதவை யார் திறப்பார்கள் என்பது மட்டும் யார் புத்தியிலும் ஏறவில்லை. அவர்களுக்கு உள்ளே இருக்கிறவர்கள் ஆட்களாகவே தெரியவில்லை, இடமாகத்தான் தெரிந்தார்கள்.

"வெளியேருந்தே அறுய்யா, சாஞ்சா சாயட்டும்" என்றார் தலைவர்.

கோவிந்தன் மேஸ்திரி கட்டரைக் கையில் எடுத்தார், கிராதியைப் பார்த்தார், கீழே வைத்தார். "உள்ள பொம்பளைங்க சாமி கும்புட்டுக்கிட்டு இருக்காங்க சார். அவங்க மேல சாயும். எங்களால ஆவாதுங்க. அவங்க முடிச்சதும் கூப்புடுங்க, வரோம்." சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெற்குத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அன்று போட்ட டீ மாதிரி நான் என்றைக்கும் மனசாரப் போட்டதில்லை.

சாயங்காலம் வரை பாட்டு நிற்கவில்லை. ஆட்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாமியார் ஆயர் இல்லத்துக்குப் போய் வந்தார். என்ன பேசினார்களோ, வடக்குச் சிறகுப் பேச்சு அதோடு அடங்கியது. மறுநாள் காலை நன்மை நேரத்தில் போய் ஒரு தட்டுத் தட்டினேன். தாழ்ப்பாள் விலகியது. தழும்புத் தாடை வந்தது. விளிம்பைத் தொடுகிற விரல் அன்று என் கைமேலேயே பட்டது. நன்மைத் தட்டைப் பிடித்தபடி நான் அழுதேன், சாமியார் பார்க்காதது போல நின்றார்.

சிஸ்டர் செசிலி கடைசி வரை அந்த இடத்திலிருந்தே பூசை பார்த்தார். அவர் இறந்தபோது உடலைக் கிராதியை ஒட்டி உள்ளே வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தாடைக்கு மேலே இருந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் சந்தோஷமாகக் காபி குடித்திருப்பேன்.

அடுத்த திருவிழாவில் எனக்கு வயதாகிவிட்டது என்று கமிட்டி கண்டுபிடித்தது. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் தலைவரேதான். "ஆரோக்கியம்மா நம்ம கோயிலோட தூண்" என்று மைக்கில் சொன்னார். தொடப்பக்கட்டை தூணாகிவிட்டது. தூண் மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். மதர் ஒன்றும் செய்ய முடியவில்லை, கோயிலின் வெளிப்பக்கம் கமிட்டியின் பொறுப்பு. நான் விடைபெறப் போனபோது சுழல் பெட்டி திரும்பி வந்தது, உள்ளே ஒரு டம்ளர் மோர்.

நான் போன பிறகு கண்ணாடி அறை வந்துவிட்டது. வடக்கே முடியாததைத் தெற்கே முடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்த தாழ்வாரத்தை முழுக்க அடைத்து, கண்ணாடி போட்டு, ஏ.சி. மாட்டி, குஷன் நாற்காலி போட்டுவிட்டார்கள். அங்கே உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஏழு பேர் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே உட்காருகிற பெண்கள் பகலெல்லாம் வயலில் இருந்தார்கள். வந்து பார்த்தபோது பாய் வெளியே கிடந்தது.

இப்போது எங்கள் ஆட்கள் வெளியே தகரக் கொட்டகையில் உட்காருகிறார்கள். அவர்களுக்குத்தான் டிவி. சிஸ்டர்களுக்கு வாங்கிய அதே டிவி. "பெரிசாத்தான தெரியுது, என்ன கொற" என்று தலைவர் கேட்டாராம். என் அப்பாவை நிறுத்திய அளியைப் பிடுங்கி எறிந்தோம் என்று மார்தட்டிக்கொண்டு கிழவியாகிவிட்டேன். அதையே கண்ணாடியில் செய்து, குளுகுளுவென்று ஆக்கி, என் கண் முன்னாலேயே மாட்டிவிட்டார்கள். இரும்பாக இருந்தபோது அநியாயம் என்று தெரிந்தது. கண்ணாடியாக இருப்பதால் வசதி என்கிறார்கள்.

ஸ்டெல்லாவிடம் நான் இதைத்தான் சொன்னேன். "ஒங்க சாமிகிட்டப் போயிக் கேளு. சிஸ்டருங்க பக்கத்துக்குத் தாழ்ப்பா சிஸ்டருங்க கையில இருக்கணும். பாயில ஒக்கார்றவங்களுக்கும் பீடம் தெரியணும். நடுவுல எவனாவது கண்ணாடி போட்டா, அதோட தாழ்ப்பா எந்தப் பக்கம்னு மொதல்ல பாரு. கண்ணாடி என்ன வெல, எத்தன டன்னு ஏ.சி., அதெல்லாம் அப்புறம்."

சனிக்கிழமை நான் நவநாளுக்குப் போனேன். கொட்டகையில் உட்காரவில்லை. பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். என் பக்கத்தில் வழவழவென்று வெறும் கண்ணாடி, தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். கிராதிக் கதவில் தட்டுவது போலவே ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளே நாற்காலியில் இருந்த ஒருவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பீடத்துக்கு அந்தப் பக்கம் கிராதிக்குப் பின்னால் சிஸ்டர்கள் பாடிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்கவில்லை.

நான் நகரவில்லை. பூசை முடியும் வரை அங்கேயே நின்றேன். கொட்டகையிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து என் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள், பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு. வருகிற சனிக்கிழமையும் போவேன். போய்த் தட்டுவேன்.